ஐயனார் தோப்பும் மண்குதிரைகளும்

‘மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா?’ என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. ‘மண் குதிர்’ என்பதே மண்குதிரை எனத் திரிந்தது என்றும், ஆற்றின் நடுவே எழும் மணல் திட்டையே அது குறிக்கும் என்றும் விளக்கம் கூறுவோர் உளர். விளக்கம் எதுவாயினும் ஆகுக. மண்ணாற் செய்த குதிரையைத் தமிழர் நம்பாமல் இருந்தவர் அல்லர். ஊரின் எல்லையைக் காக்கவும், விளைந்த வயலைக் காக்கவும், பிள்ளையின் நோய் தீரவும் அவர்கள் தலைமுறை தலைமுறையாக நம்பி வந்தது மண்குதிரையைத்தான். அக்குதிரைகளைக் காண்பதற்கென்றே விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் சில நாட்கள் சுற்றி வந்தேன். அங்கே கண்டவற்றையும், அவற்றின் பின்னே நிற்கும் வரலாற்றையும் இன்று உங்களுடன் பகிர்ந்து கொள்ள விரும்புகிறேன்.

விழுப்புரம் பெரியதொரு ரயில் சந்திப்பு. அங்கே இறங்குகின்ற பயணிகளுள் ஒரு சாரார் திருவண்ணாமலைக்குச் செல்வர். ஒரு சாரார் செஞ்சிக் கோட்டைக்குச் செல்வர். மற்றும் ஒரு சாரார் புதுச்சேரிக் கடற்கரையை நாடுவர். திண்டிவனமும் அவ்வாறே, சென்னையிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் பல வழிகள் பிரியும் இடம் அது. புளியமரக் காடு என்று பொருள்படும் ‘திந்திரிணி வனம்’ என்பதே அவ்வூர்ப் பெயரின் மூலம் என்பர். அதனை அடுத்துள்ள கிடங்கில், சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனாகிய ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் ஊர். இத்தகைய பழைய நிலத்தில் மண்குதிரைகளை மட்டும் கண்டு திரும்பினால் அவற்றின் அருமை விளங்காது. மண்ணின் பெருமையை அறிய வேண்டுமாயின் முதலிற் கல்லைக் காண வேண்டும். ஆகவே மண்டகப்பட்டிலிருந்து என் பயணத்தைத் தொடங்கினேன்.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் மண்டகப்பட்டு வரும். சிறிய ஊர், சிறிய குன்று. அக்குன்றைக் குடைந்து எடுத்த குகைக்கோயில் ஒன்று அங்கே இருக்கின்றது. வாயிலின் இருபுறத்தும் இரண்டு காவலர், கதையை ஊன்றி நிற்கின்றனர். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் அமைத்தது இக்கோயில். பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவருக்கும் உரியது. இதன் பெருமை இதன் அழகில் இல்லை. இங்குள்ள வடமொழிக் கல்வெட்டில் இருக்கின்றது. புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேயில் அதனைக் கண்டறிந்து உலகுக்கு வெளியிட்டார். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணச் சாந்தும் இல்லாமல் இக்கோயிலை விசித்திரசித்தன் அமைத்தான் என்பது அக்கல்வெட்டின் செய்தி. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனின் பட்டப்பெயர்.

இக்கல்வெட்டை வரலாற்று ஆசிரியர்கள் கற்கோயிலின் பிறப்புச் சீட்டாகக் கொள்வர். அதனை மறுபுறம் திருப்பியும் படிக்கலாம். எவை இல்லாமற் கட்டினேன் என்று மன்னன் பெருமிதம் கொள்கிறானோ, அவற்றைக் கொண்டே அவன் காலம் வரை தொண்டை நாட்டில் கோயில்கள் எழுந்தன என்பது அதன் பொருள். செங்கல்லும் மரமும் சுண்ணமும் காலத்தால் அழிந்தன. அழியாத ஒன்றை வேண்டினான் மகேந்திரன், கல்லைத் தேர்ந்தான். அவன் எண்ணம் நிறைவேறிற்று. 1,400 ஆண்டுகள் கடந்த பின்னும் அந்தக் காவலர் இருவரும் வாயிலில் நிற்கின்றனர். இந்தியத் தொல்லியல் துறை அவர்களைக் காத்து வருகின்றது.

கல்லுக்கு முன்னரே மண் இந்நாட்டின் கைக்குப் பழகியிருந்தது. சிலப்பதிகாரத்தின் இந்திர விழவூரெடுத்த காதை, புகார் நகரத்துக் கலைஞர்களை வரிசைப்படுத்தும் பொழுது மண்ணீட்டாளர் என்போரையும் குறிப்பிடுகின்றது. மண்ணால் உருவம் சமைப்பவர் அவர். புறநானூற்றில் ஐயூர் முடவனார் குயவன் ஒருவனை விளித்துப் பாடுகின்றார். கிள்ளிவளவன் இறந்துபட்டான், அவன் புகழுக்கேற்ற தாழி வனைய வேண்டுமாயின் பூமியே சக்கரமாகவும் மேருமலையே மண்ணாகவும் அமைய வேண்டுமே, உன்னால் இயலுமா என்று வினவுகின்றார். மன்னனுக்கு இறுதி இல்லம் சமைப்பவன் குயவன் என்பது அப்பாட்டால் விளங்கும்.

நிலத்தினடியிலும் இதற்குச் சான்று உண்டு. திண்டிவனத்துக்கு வடக்கே, மதுராந்தகம் பகுதியைச் சேர்ந்த சாணூரில் 1950, 1952 ஆகிய ஆண்டுகளில் அகழாய்வு நடைபெற்றது. அங்கே பெருங்கற்காலத்து ஈமப்பேழைகள் வெளிப்பட்டன. சுட்ட மண்ணால் ஆகிய நீண்ட தொட்டிகள் அவை. அடியில் வரிசையாகக் கால்கள். உள்ளே வெறுமையான பெரிய உடலொன்றைக் கால்களின் மேல் நிறுத்தி, வெடிக்காமற் சுட்டெடுக்கும் வித்தையை இவ்வட்டாரத்தார் 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தனர். அப்பேழையிலிருந்து மண்குதிரை நேரே பிறந்தது என்று நான் சொல்லவில்லை. இரண்டுக்கும் வேண்டிய கைத்திறம் ஒன்றே என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

திண்டிவனத்தின் தெற்கே, வானூர் வட்டாரத்தில் திருவக்கரை என்றோர் ஊர் உள்ளது. சந்திரமௌலீசுவரர் கோயிலாலும் வக்கிரகாளியம்மனாலும் புகழ்பெற்ற தலம். அங்கே மரம் கல்லாகிக் கிடக்கும் காட்சியைக் காணலாம். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தால் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்த பெருமரங்கள், நாளடைவில் சிலிக்கா ஏறிக் கல்லாயின. பட்டையின் வரியும் வயிரத்தின் வளையமும் அப்படியே தெரிகின்றன. தட்டினாலோ கல்லின் ஓசை. 1781-ஆம் ஆண்டிலேயே சொன்னரா என்னும் ஐரோப்பியப் பயணி இவற்றைப் பற்றி எழுதினார். இன்று இது தேசியக் கல்மரப் பூங்கா. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் காவலில் இருக்கின்றது. வேலி உண்டு, அறிவிப்புப் பலகை உண்டு.

இவ்வாறு கல்லையும் கல்லான மரத்தையும் கண்டபின் மண்ணைத் தேடிச் சென்றேன். மண்ணுக்கு வேலியும் இல்லை, பலகையும் இல்லை.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையை விட்டுச் செம்மண் தடத்தில் உள்ளே இறங்கினால், ஊருக்குப் புறத்தே, ஏரிக்கரையின் சரிவில் ஓர் ஐயனார் தோப்பு இருக்கின்றது. ஊரின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். காவல் இல்லாத உருவங்களைக் களவாடி விற்போர் உள்ள காலம் இது. இத்தகைய தோப்புகளில் இலையும் சுள்ளியும் ஒடிக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அக்கட்டுப்பாட்டால் மரங்களும் பிழைத்தன. புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றி இருக்கும் காடு இதற்குப் பேர்போன சான்று. கோடைக்கும் இலையுதிராத பழைய கடற்கரைக் காட்டின் எஞ்சிய துண்டு அது. ஊர்கள் பெருகி, வயல்கள் பரந்து, எங்கும் அக்காடு அழிந்த பிறகும் ஐயனார் நிழலில் மட்டும் நின்றது.

நான் சென்ற தோப்பு அவ்வளவு பெரியதன்று. ஆயினும் உள்ளே நுழைந்தவுடன் வெயில் மறைந்து குளிர்ச்சி தட்டிற்று. பாதையின் இருமருங்கும் குதிரைகள். முன்வரிசையில் இருப்பவை தலை நிமிர்ந்து, காது விறைத்து, வாய் திறந்து நிற்கின்றன. கழுத்தில் மணிமாலை, நெற்றியில் பட்டம், முதுகில் சேணம், காலில் சலங்கை. எல்லாம் மண்ணைத் திரித்து ஒட்டிய அணிகள். வயிறு சரியாதிருக்க அடியில் தாங்கலாக ஓர் ஆள் உருவம். அவற்றின் பின்வரிசையில் காது இழந்தவை, முகம் இழந்தவை. அதற்கும் பின்னே, வேர்களுக்கு நடுவே நான்கு கால்கள் மட்டும் நிற்கின்றன, உடலைக் காணோம். இன்னும் பின்னே சென்றால் காலடியில் நொறுங்கும் ஓடுகளே மிச்சம். முன்னிருந்து பின்னாக நடந்தால் குதிரை மண்ணாவதைக் காணலாம். பின்னிருந்து முன்னாக நடந்தால் மண் குதிரையாவதைக் காணலாம். எத்தனையோ காட்சிசாலைகளைக் கண்டிருக்கிறேன். காலத்தை இவ்வாறு வரிசைப்படுத்தி வைத்த கூடம் வேறொன்றை நான் கண்டதில்லை.

உடைந்தவற்றை ஏன் அகற்றவில்லை என்று நேயர்கள் கேட்கக் கூடும். அவை ஐயனாருக்குக் கொடுத்தவை. கொடுத்ததை எடுக்க மனிதருக்கு உரிமை இல்லை. ஐயனார் இரவில் தம் வீரர்களுடன் குதிரையேறி ஊரெல்லையைச் சுற்றி வருகிறார் என்பது மக்களின் நம்பிக்கை. நோய் தீர்ந்தால், மழலை பிறந்தால், மாடு பிழைத்தால் அவருக்கு ஒரு குதிரை செய்து வைப்பதாக நேர்ந்து கொள்கின்றனர். வைத்த குதிரை ஓடிக் களைத்து ஒருநாள் மண்ணோடு மண்ணாகும். அப்பொழுது வேறொருவர் வேறொரு குதிரையைக் கொண்டு வருவார். காவல் நிற்பதில்லை.

இக்குதிரைகளைச் செய்வோர் குயவர். தென் மாவட்டங்களில் வேளார் என்று வழங்கப் பெறுவர். பல ஊர்களில் ஐயனாருக்குப் பூசை செய்பவரும் அவரே. தெய்வத்தின் ஊர்தியைச் சமைத்த கையே தெய்வத்துக்கு விளக்கேற்றுகின்றது. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளில் இதற்குப் ‘புரவி எடுப்பு’ என்னும் விழாவே உண்டு. ஊர்ப் பெரியவர் ஒரு பிடி மண்ணை எடுத்து வேளாரிடம் தருவார். அதற்குப் ‘பிடிமண்’ என்று பெயர். அந்த மண் கலந்த பிறகே வேலை தொடங்கும். செய்து முடித்த குதிரைக்குக் கண் திறந்து, ஊரார் தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டு செல்வர். புதுக்கோட்டை அருகே நமணசமுத்திரத்தில் இவ்வாறு சேர்ந்த குதிரைகள் அணிவகுத்து நிற்பதைக் காணலாம்.

விழுப்புரத்தை அடுத்த குயவர் தெருவொன்றில் முதியவர் ஒருவரிடம் வேலையின் முறையைக் கேட்டேன். “ஐயா, பானைக்குச் சக்கரம் வேண்டும். குதிரைக்குக் கை ஒன்றே போதும்” என்று தொடங்கினார். ஏரியின் அடிமண்ணை எடுத்து வந்து, கல்லும் வேரும் நீக்கி, மணலும் நெல் உமியும் கலந்து, காலால் மிதித்துப் பதப்படுத்துவர். உமி இல்லையேல் பெரிய உருவம் காயும்போதே வெடித்து விடும். சூளையில் உமி எரிந்து நுண்ணிய துளைகளாகும். அவற்றின் வழியே ஆவி வெளியேறும். முதலில் நான்கு கால்கள், உள்ளே வெறுமையான குழாய்களாக எழும். அவை சற்று இறுகிய பின்னரே வயிறு. மண்ணைத் திரிதிரியாக அடுக்கி, உள்ளே ஒரு கை தாங்க, வெளியே மரப்பலகையால் தட்டி இணைப்பர். ஒரு நாளைக்குச் சில அங்குலமே உயரலாம். கீழ்ப்பகுதி காயாமல் மேலே ஏற்றினால் முழுவதும் அமர்ந்து விடும். மிகக் காய்ந்து விட்டாலோ புது மண் ஒட்டாது. கழுத்தும் தலையும் இறுதியில்.

“எப்பொழுது காய்ந்தது என்று எப்படி அறிவீர், பெரியவரே?” என்று கேட்டேன். “புறங்கையை வைத்துப் பார்ப்போம், ஐயா. சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது” என்றார். இதனை எந்தப் புத்தகத்தில் அவர் படித்தார்? தந்தையின் புறங்கை அருகே தம் புறங்கையை வைத்துப் படித்தார். சிறிய குதிரையைச் சூளைக்குக் கொண்டு செல்லலாம். ஆளுயரத்துக்கு மேற்பட்ட குதிரையை நகர்த்த இயலாது. அது நின்ற இடத்திலேயே வைக்கோலும் விறலும் எருமுட்டையும் சுற்றி அடுக்கி, மேலே ஓடும் மண்ணும் பூசி, அதற்கென்று ஒரு சூளையையே கட்டி எரிப்பார்கள். புதுக்கோட்டைச் சீமையில் 15 அடி உயரக் குதிரைகளையும் இவ்வாறு சுட்டிருக்கிறார்கள்.

மண்ணாற் செய்த உருவம் என்றவுடன் சீன நாட்டுச் சுடுமண் படையை நினைக்கின்றது இன்றைய உலகம். 1974-ஆம் ஆண்டு சியான் நகருக்கு அருகே கிணறு தோண்டிய உழவர்களால் அது வெளிப்பட்டது. கி.மு. 210-இல் இறந்த முதற் பேரரசன் சின் சி குவாங் தன் கல்லறையைக் காக்க ஏறத்தாழ 8,000 வீரர்களை மண்ணாற் செய்வித்துப் புதைத்து வைத்தான். வியத்தகு செயல்தான். ஆனால் அப்படை இறந்த ஒருவனைக் காத்தது, நிலத்தினடியில் நின்றது, ஒருமுறை செய்ததோடு முடிந்தது. நம் ஐயனார் படையோ உயிரோடிருக்கும் ஊரைக் காக்கின்றது, வெயிலிலும் மழையிலும் நிற்கின்றது, ஆண்டுதோறும் பெருகுகின்றது. அதற்கு அரச ஆணை இல்லை. உழவனின் நேர்த்திக்கடனே ஆணை.

பெருகுகின்றது என்றேன், பெருகியது என்று சொல்லுவதே இன்று பொருந்தும். நான் கண்ட தோப்பில், முன்வரிசைக்கும் முன்னே இரண்டு புதிய குதிரைகள் நின்றன. கம்பி கட்டி, சிமெண்டு பூசி, பளிச்சென்று வண்ணம் தீட்டியவை. திருப்பணியின் போது ஊரார் கூடிச் செய்தவை. இவ்வட்டாரத்தில் பச்சையம்மன் கோயில்களின் முன்னே வாழ்முனி, செம்முனி என்று வானளாவ அமர்ந்திருக்கும் சுதை உருவங்களைக் கண்டு பழகிய கண்களுக்குச் சிமெண்டுக் குதிரை புதுமையாகத் தோன்றாது. ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் காரணம் கேட்டேன். “மண் நிற்பதில்லையே. இது நம் பேரன் காலத்துக்கும் இருக்கும்” என்றார்.

அச்சொல்லைக் கேட்டவுடன் மண்டகப்பட்டு என் நினைவுக்கு வந்தது. மகேந்திரன் விரும்பியதும் அதுதானே! அழியாத பொருளில் தெய்வத்துக்குச் செய்ய வேண்டும் என்னும் விருப்பத்தை யார் குறை கூற முடியும்? அதனை அறியாமை என்று ஒதுக்கி விடுவது நகரத்திலிருந்து வரும் நம்மைப் போன்றோர்க்கு எளிது, நியாயமன்று. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கல் தான் நிலைத்துத் தன்னைக் காத்துக் கொள்ளுகின்றது. மண் அவ்வாறன்று. அது உடைவதால், மீண்டும் செய்ய வேண்டும். மீண்டும் செய்வதால், செய்பவர் கை பழக்கம் மறவாதிருக்கும். அதனால் அடுத்த தலைமுறை கற்கும். குதிரையின் ஆயுள் குறைவாக இருந்தமையால் கலையின் ஆயுள் நீண்டது. ஐம்பது ஆண்டு நிற்கும் சிமெண்டுக் குதிரை, ஐம்பது ஆண்டு குயவரை அழைக்காது. அதற்குப் பின் அழைத்தாலும் வருவதற்கு யார் இருப்பார்?

காப்பதற்குச் சட்டம் இல்லையா என்றால், 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் உண்டு. ஆனால் நூறாண்டு கடந்த உருவத்தையே அது தொல்பொருளாகக் கொள்ளும். மழையில் நிற்கும் மண்குதிரை நூறாண்டு காண்பது அரிது. ஆகவே சட்டத்தின் கண் அதன் மேல் படுவதில்லை. அருங்காட்சியகங்கள் தம்மால் இயன்றதைச் செய்திருக்கின்றன. தில்லியில் உள்ள தேசியக் கைவினை அருங்காட்சியகத்தில் தமிழ்நாட்டு மண்குதிரைகள் நிற்கின்றன. 1996-இல் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் தொடங்கிய தட்சிணசித்ராவிலும் ஐயனார் படை நிற்கின்றது. அவற்றைக் கண்டு மகிழ்ந்திருக்கிறேன். என்றாலும் அருங்காட்சியகம் குதிரையைக் கொண்டு செல்லலாம். பிடிமண்ணைக் கொண்டு செல்ல இயலாது.

நம்பிக்கை தரும் அடையாளங்களும் இல்லாமல் இல்லை. விழுப்புரத்தைச் சுற்றிய ஊர்களில் பொங்கற் பானையும் கார்த்திகை அகலும் இன்றும் குயவரின் கையிலிருந்தே வருகின்றன. புதுச்சேரியை அடுத்த வில்லியனூரின் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வூர்க் கலைஞர் முனுசாமிக்கு 2020-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஏரி, குளங்களில் களிமண்ணும் வண்டலும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளக் குயவர்க்கும் உழவர்க்கும் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வழங்கும் முறையைத் தமிழ்நாட்டு அரசு 2024-ஆம் ஆண்டில் கொண்டு வந்தது. மண்ணெடுக்க அலைந்து சலித்தவர்க்கு இது பெரிய உதவி. வங்காளத்தில் பாங்குரா மாவட்டத்துப் பாஞ்ச்முரா என்னும் சிற்றூரின் நேர்த்திக்கடன் குதிரை, நாடெங்கும் வீட்டு அலங்காரமாகி அவ்வூர்க் குயவர்க்கு வாழ்வளித்திருக்கின்றது. நம் குதிரை அவ்வளவு எளிதில் மேசைமேல் ஏறாது. அது உயர்ந்து நிற்கப் பிறந்தது. அதற்கு வாழ்வளிக்க வல்லது ஊர்தான்.

ஆகவே, திருப்பணி செய்யும் ஊரார்க்கு ஒரு வேண்டுகோள். சிமெண்டுக் குதிரை வேண்டுமாயின் வையுங்கள். அதனருகே மண்குதிரை ஒன்றும் வையுங்கள். அது உடைந்தால் வருந்த வேண்டாம். மறுபடியும் அதே தெருவுக்குச் சென்று, அதே குடும்பத்தாரிடம் பிடிமண் கொடுங்கள். காண வரும் பயணிகளுக்கும் ஒரு வேண்டுகோள். செஞ்சிக்கும் புதுச்சேரிக்கும் செல்லும் வழியில் சற்று நேரம் ஒதுக்கி ஓர் ஐயனார் தோப்பில் நுழையுங்கள். செருப்பைக் கழற்றி விட்டு நடவுங்கள். ஓட்டுத் துண்டு ஒன்றையும் நினைவுப் பொருளாக எடுத்து வராதீர்கள், அது ஐயனாருடையது. நினைவுப் பொருள் வேண்டுமாயின் குயவர் தெருவுக்குச் சென்று ஒரு சிறு குதிரையை விலை பேசாமல் வாங்குங்கள்.

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்க முடியாதுதான். ஆனால் அதனை நம்பி ஊர்கள் இரவெல்லாம் உறங்கியிருக்கின்றன. அந்த நம்பிக்கைக்கு உருவம் கொடுத்த கைகள் இன்னும் சில தெருக்களில் இருக்கின்றன. அவற்றுக்கு வேலை கொடுப்பது நம் கடமை.